என் கம்ப்யூட்டரில் திறக்காத வீடு

"திறக்கல" என்றான் இனியன்.

"எது?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் கீர்த்தனா.

"நம்ம வீடு."

மெஷின் நின்றது. கீர்த்தனா திரும்பிப் பார்த்தாள். கணவன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பூட்டின கதவைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேங்கிக்காலில் அவர்கள் வாங்கிப் போட்டிருந்த மனைக்கு இஞ்சினியர் ராமதாஸ் பிளான் வரைந்து அனுப்பியிருந்தார். அந்த ஃபைல்தான் திறக்கவில்லை. அது விலை கொடுத்து வாங்கும் ஒரு சாஃப்ட்வேரில் வரைந்தது. இனியனின் லேப்டாப்பில் இருந்ததோ இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்; அதில் அந்த சாஃப்ட்வேர் ஓடாது. தனியார் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் சாராக இருந்த இனியனுக்கு லினக்ஸ் என்றால் உயிர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் ஊர் பேர் சொல்வதற்குள் லினக்ஸைப் பற்றிச் சொல்லிவிடுவான்.

ராமதாஸுக்கு போன் போட்டான்.

"சார், ஃபைல் திறக்கலிங்க."

"உங்ககிட்ட அந்த சாஃப்ட்வேர் இருக்காது சார். பிடிஎஃப்பா அனுப்பிடறேன்."

"பிடிஎஃப்ல நான் செவுத்த நகர்த்த முடியுமா?"

"நீங்க எதுக்கு சார் செவுத்த நகர்த்தணும்? எங்க நகர்த்தணும்னு சொல்லுங்க, நான் நகர்த்தறேன்."

நியாயமான பதில்தான். ஆனால் நியாயமான பதிலைக் கேட்டால் இனியனுக்கு எப்போதுமே கொஞ்சம் சூடு ஏறும்.

"என் வீடு என் கம்ப்யூட்டர்லயே திறக்கலன்னா அது என்ன சார் என் வீடு? விடுங்க. பிளான நானே வரைஞ்சு தரேன். நீங்க கட்டுங்க."

ராமதாஸ் பொறுமையாகச் சொன்னார்: "வரைங்க சார். வர்ற வெள்ளிக்கிழமை பூமி பூஜை. அதுக்குள்ள என்ன கட்டணும்னு முடிவு பண்ணிடுங்க. இல்லன்னா நம்ம மேஸ்திரி சுப்பன் ஆளுங்கள கூட்டிக்கிட்டு லாட்ஜ் வேலைக்குப் போயிடுவாரு. அப்பறம் கார்த்திகை தீபம் முடிஞ்சுதான் பிடிக்க முடியும்."

போனை வைத்ததும் கீர்த்தனா இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னங்க பண்ணி வெச்சீங்க?"

"கீர்த்தி, நம்ம வீட்ட நாமே வரையப்போறோம்! லினக்ஸ்ல பிளான் வரையற கேட் சாஃப்ட்வேர் எத்தனை இருக்குது தெரியுமா? எல்லாம் ஃப்ரீ. நல்லதா ஒண்ண எடுக்கறோம், வரையறோம், குடுக்கறோம்!"

அவன் கண்கள் பளபளத்தன. அந்தப் பளபளப்பு கீர்த்தனாவையும் தொற்றிக்கொண்டதுதான் விபரீதம்.

"அப்பன்னா என் ஜன்னல வைப்பீங்களா?"

அவர்கள் வாடகைக்கு இருந்தது பேகோபுரத் தெருவில் ஒரு போர்ஷனில். அண்ணாமலையார் மலை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. ஆனால் சமையலறைச் சுவர் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்ததால் ஜன்னல் கிடையாது. எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து மலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கீர்த்தனா கல்யாணமாகி வந்ததிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவரைப் பார்த்துத்தான் சமைத்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில் அடுப்பின் முன்னால் நின்றால் மலை தெரிய வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"ஜன்னலுக்காகத்தானே வீடே!" என்றான் இனியன்.

முதலில் அவன் தேர்ந்தெடுத்தது லிப்ரேகேட். சட்டென்று இறங்கியது, சட்டென்று புரிந்தது. கோடு போடு, அளவு போடு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் ஹால், ரெண்டு ரூம், பாத்ரூம், வடமேற்கு மூலையில் சமையலறை எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

"வா, வா! வீட்டுக்குள்ள வா!" என்று கத்தினான்.

கீர்த்தனா ஓடி வந்து பார்த்தாள். "கோலம் மாதிரி இருக்குது. மலை எங்க?"

"மலை இதுல வராது. இது மேலருந்து பாக்கறது. காக்கா பறக்கும்போது பாக்கும் பாரு, அந்த மாதிரி."

"நான் எதுக்குங்க காக்கா மாதிரி பாக்கணும்? நான் அடுப்பு முன்னாடி நின்னு பாக்கணும்."

அவள் சொல்வது சரிதான். ஜன்னலில் மலை தெரிகிறதா என்று பார்க்க வீடு எழுந்து நிற்க வேண்டும். லிப்ரேகேட் காகிதத்தில் வரைவதைப்போல் தட்டையாக வரைகிற சாஃப்ட்வேர். முப்பரிமாணத்துக்கு வேறு வேண்டும்.

"அப்ப ஃப்ரீகேட்தான்!" என்று துள்ளினான். "ஆனா அதுக்கு மனையோட சரியான அளவு வேணும். மலை எந்தக் கோணத்துல இருக்குதுன்னும் வேணும். கெளம்பு, நாமளே போய் அளந்துட்டு வந்துடலாம்."

மொபெட்டில் போனார்கள். முள்செடியை விலக்கி நாலு மூலைக் கல்லையும் கண்டுபிடித்து டேப் பிடித்தார்கள். கீர்த்தனாவின் புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அவள் கவலைப்படவில்லை. தென்மேற்கில் மலை அப்படியே நின்றது. சமையலறை வரப்போகும் இடத்தில் போய் நின்று, இல்லாத அடுப்பில் இல்லாத தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியுதுங்க! நல்லா தெரியுது!"

இனியன் செல்போன் திசைகாட்டியை மலை உச்சிக்கு நேராகப் பிடித்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து ராமதாஸ் அனுப்பியிருந்த பிடிஎஃப்பையும் தன் அளவையும் ஒப்பிட்டவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"கீர்த்தி! இங்க பாரு! இஞ்சினியர் அகலத்துல ரெண்டடி கம்மியா போட்டிருக்காரு! ரெண்டடி! நாம மட்டும் அளக்கலன்னா அந்த ரெண்டடி என்னாயிருக்கும்?"

"ஐயையோ! போன் பண்ணிக் கேளுங்க."

"கேக்கறதாவது! பூஜை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் காட்டறேன்."

அன்று மாலை ஃப்ரீகேட் இறங்கிக்கொண்டிருந்தபோது கீர்த்தனாவின் அப்பா போன் செய்தார். சடையனுக்கு அடி அண்ணாமலையில் சம்பங்கித் தோட்டம். மகள் வீடு கட்டுவதில் மகளைவிட அவருக்குத்தான் பரபரப்பு.

"மாப்ள என்னம்மா பண்றாரு?"

"ஃப்ரீகேட் இறக்கிக்கிட்டு இருக்காருப்பா."

"கேட்டா? அதுக்குள்ளயா? ஃப்ரீயாவா?"

"ஆமாம்பா. யாரோ வெளிநாட்டுக்காரங்க செஞ்சது. யார் கேட்டாலும் சும்மாவே குடுக்கறாங்களாம்."

சடையனுக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. தியானத்துக்கு வந்து வீடு எடுத்துத் தங்கி, ஊருக்குத் திரும்பும்போது கட்டில், ஃப்ரிட்ஜ், சைக்கிள் என்று யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் இது கேட். மகள் வீட்டின் முகப்பு. அதற்கு எவனோ கழற்றிப் போட்ட பழைய இரும்பா?

மறுநாள் சாயங்காலம் பேகோபுரத் தெரு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சடையன் இறங்கினார். பின்னாலேயே ஒரு வெல்டர், கையில் கேட் டிசைன் ஆல்பத்தோடு.

"மாப்ள, நீங்க தப்பா நெனைக்கக்கூடாது" என்று ஆரம்பித்தார் சடையன். "அந்த வெள்ளைக்காரன் கேட்ட திருப்பிக் குடுத்துடுங்க. என் பொண்ணு வீட்டு கேட்டு நான் போடறது."

"எந்த வெள்ளைக்காரன் மாமா?"

"அதான், நேத்து ஃப்ரீயா ஒரு கேட்டு இறக்கினீங்களாமே. எங்க வெச்சிருக்கீங்க அத?"

"லேப்டாப்ல இருக்குது மாமா."

சடையன் மருமகனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு வெல்டரைப் பார்த்தார். வெல்டர் ஆல்பத்தை மூடினார்.

விளங்க வைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. ஆனால் விளங்கியதும் நிலைமை சரியாகவில்லை, மோசமாகியது. ஏனென்றால், "இப்ப பாருங்க மாமா" என்று இனியன் ஒரு கோட்டை இழுக்க, அது சுவராக எழுந்து நின்றது. மவுஸை அசைக்க, சுவர் சுற்றிச் சுழன்றது. சடையன் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார்.

"அடேயப்பா! அப்பன்னா பின்னாடி ஒரு மாட்டுக்கொட்டா எழுப்புங்க மாப்ள! ஒரு மாடாவது கட்டணும் இல்ல?"

"மாடா? ஊருக்குள்ளயா? வேணாம்பா!" என்றாள் கீர்த்தனா.

"சும்மா படத்துலதானேம்மா. கட்டட்டும்."

"சார், வாசல ஒரு கார் போற மாதிரி அகலம் பண்ணிக்கங்க" என்றார் வெல்டர், அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"எங்ககிட்ட கார் இல்லிங்களே."

"வாசல் சின்னதா இருந்தா எப்படி சார் வரும்?"

இனியன் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. உற்சாகத்தில் இருந்தான். மாட்டுக்கொட்டகை வந்தது. கார் வாசல் வந்தது. கீர்த்தனா தையலுக்கு ஒரு தனி ரூம் கேட்டாள், அதுவும் வந்தது. ஃப்ரீகேட்டில் ஒவ்வோர் அளவையும் இது இவ்வளவுதான் என்று கட்டிவைக்க வேண்டும். எல்லாக் கோடும் கட்டுக்குள் வந்தால் படம் பச்சை நிறமாகும். பொருந்தாத அளவு ஒன்று கொடுத்தாலும் சிவப்பு எழுத்தில் முரண்பாடு என்று சொல்லிவிடும்.

சிவப்பில் சொன்னது.

"என்னாவாம்?" என்றார் சடையன்.

"எல்லாம் ஒரே மனையில கொள்ளாதுன்னு சொல்லுது மாமா."

"அதுக்கு என்ன தெரியும்? நம்ம மனை அதுக்குத் தெரியுமா?"

அடுத்த நாள் அவர் மாட்டைச் சின்னதாக்கிக்கொள்ளச் சம்மதித்தார். கன்றுக்குட்டி போதும் என்றார். வெல்டர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நகர்த்தி, சுருக்கியதில் கடைசியில் திரை பளிச்சென்று பச்சையானது.

"பச்சை ஆயிடுச்சு!" என்று இனியன் கத்தின கத்தலில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா இறங்கி ஓடி வந்தார். எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். இனியன் சமையலறைக்குள் நுழைந்தான்.

அடுப்பு மேடை தரையிலிருந்து கட்டைவிரல் உயரம்கூட இல்லை.

"இதுல எப்படிங்க நின்னு சமைக்கிறது? படுத்துக்கிட்டா?" என்றாள் கீர்த்தனா.

"நீ என்ன உயரம் சொன்ன?"

"முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டு என்ன?"

"இன்ச்சுங்க! டெய்லர் வேற எதுல சொல்லுவா?"

அவன் அதை மில்லிமீட்டராகப் போட்டிருந்தான். இன்னும் எதையெல்லாம் அப்படிப் போட்டிருக்கிறான் என்று தேடியதில் ஜன்னல் அகப்பட்டது. தீப்பெட்டி அளவு. அதையெல்லாம் சரி செய்யச் செய்ய மறுபடியும் சிவப்பு. கன்றுக்குட்டிக்கு இடமில்லாமல் போனது. சடையன் முகம் வாடிவிட்டது.

"இதெல்லாம் கையால வரையறதாலதான் வர்ற தொல்லை" என்று புதன்கிழமை அறிவித்தான் இனியன். "ஓபன்எஸ்கேட்னு ஒண்ணு இருக்குது. அதுல வரையவே வேணாம். எழுதினா போதும். கணக்கு மாதிரி. ஒரு எண்ண மாத்தினா மொத்த வீடும் தானா மாறிக்கும்!"

எழுதினான். உண்மையாகவே ஒரு எண்ணை மாற்றினால் மொத்த வீடும் மாறிக்கொண்டது. ஹாலை ஓர் அடி பெரிதாக்கினான். பாத்ரூம் நகர்ந்து போய் பூஜை அறைக்குள் உட்கார்ந்தது.

வீட்டுக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அடங்கவேயில்லை. வெல்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனியன் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வாசலில் போய் நின்றான். ராமதாஸின் பொறுமையான குரல் காதில் கேட்டது.

கீர்த்தனா கொஞ்ச நேரம் விட்டு வெளியே வந்தாள்.

"முடியலன்னா அவர் போட்ட பிளானையே கட்டலாங்க. ஜன்னல மட்டும் சொல்லி மாத்திக்கலாம்."

"முடியலன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க மூஞ்சி சொல்லுது."

அவன் அவளைப் பார்த்தான். "உனக்கு உண்மையிலயே என்னா வேணும்? மாடு, கார் வாசல், தையல் ரூமு எல்லாத்தையும் விட்டுடு."

"அடுப்பு. ஜன்னல். மலை" என்றாள் அவள்.

வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டான். மறுபடியும் ஃப்ரீகேட்டைத் திறந்தான். இந்தமுறை சமையலறையிலிருந்து தொடங்கினான். முதலில் ஜன்னலை வைத்தான். ஜன்னலுக்கு ஏற்ற சுவர், சுவருக்கு ஏற்ற அறை, அறையைச் சுற்றி வீடு. எல்லா எண்ணுக்குப் பின்னாலும் இன்ச்சா, அடியா, மில்லிமீட்டரா என்று சேர்த்தே அடித்தான். மனையின் அகலம் எவ்வளவோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டான். இஞ்சினியர் விட்டுவிட்ட ரெண்டடிதான் சமையலறைக்குத் தாராளமாக இடம் கொடுத்தது. கடைசியாக, குறித்து வைத்த கோணத்தில் மலையைச் செய்து நிறுத்தினான். முதலில் அது கோன் ஐஸைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பக்கவாட்டில் சரிவுகளையும் மடிப்புகளையும் சேர்த்ததும் ஏதோ மலை மாதிரி ஆனது.

பச்சை. எந்த முரண்பாடும் இல்லை.

இந்தமுறை அவன் கத்தவில்லை. "கீர்த்தி, வா" என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

அவள் ஈரக்கையோடு வந்து திரைக்கு முன்னால் நின்றாள். அவன் பார்வையை அவள் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பின் முன்னால் நிறுத்தினான். ஜன்னல் நிறைய மலை.

கீர்த்தனா முந்தானையால் கையைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"கொழம்பு தீயப்போவுதுங்க" என்று சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்துக்கு முன்பே எல்லாரும் வேங்கிக்காலில் இருந்தார்கள். சடையன் முதல் நாளே ஆள் வைத்து முள்செடியை எல்லாம் வெட்டி, இனியன் காட்டின நாலு கல்லுக்கும் மஞ்சள் பூசி வைத்திருந்தார். ஒரு கூடை சம்பங்கி வந்திருந்தது. வெல்டர் புது வேட்டி கட்டியிருந்தார். வீட்டுக்கார அம்மா தேங்காய், பழம், வெற்றிலையோடு வந்திருந்தார். ஐயர் ஈசானிய மூலையில் செங்கல் அடுக்கி மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

இனியன் லேப்டாப்பை ஒரு ஸ்டூலின் மேல் திறந்து வைத்தான். ராமதாஸ் வரட்டும். ரெண்டடியைக் காட்ட வேண்டும்.

பூஜை முடிந்தது. கீர்த்தனா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். கடப்பாரையால் முதல் குத்து இனியன் குத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். சடையன் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சினியர் ஏங்க இன்னும் வரல?" என்றாள் கீர்த்தனா.

"வந்துட்டாரே. அதோ பாரு." இனியன் கை காட்டினான். ரெண்டு மனை தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் ராமதாஸும் மேஸ்திரி சுப்பனும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். பக்கத்தில் பூஜைச் சாமான் வைத்த ஒரு தாம்பாளமும் நாலைந்து ஆட்களும்.

"அங்க எதுக்கு நிக்கறாரு?"

"வெயிலா இருக்குது இல்ல, நெழலுக்கு நிக்கறாரு. நானே வரைஞ்சுட்டேன்னு கோபமும் இருக்கும். வரட்டும், வரட்டும்."

அப்போது தெருப் பக்கமிருந்து ஒரு அம்மாள் வேகவேகமாக வந்தாள். கூட்டத்தையும் மஞ்சள் பூசின கற்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சடையன் கை நிறைய லட்டை நீட்டி, "வாங்க, வாங்க, சாப்பிடுங்க" என்றார்.

"நான் ராஜம்மா. அந்தக் கோடி வீடு" என்றாள் அவள், லட்டை வாங்கிக்கொண்டு. "இங்க என்னா விசேஷம்?"

"வீடு கட்டறோம்மா!" இனியனுக்குச் சொல்லும்போதே குரல் துள்ளியது. "வந்து பாருங்க. நானே வரைஞ்சது. எல்லாம் லினக்ஸ்ல. இது ஹாலு. இது ரூமு. உள்ள வாங்க, இதான் சமையல்கட்டு. இப்ப நீங்க அடுப்பு முன்னாடி நிக்கறீங்க. நிமிந்து பாருங்க!"

ராஜம்மாள் திரையைக் குனிந்து பார்த்தாள். ஜன்னலில் மலையைப் பார்த்ததும் அவள் கை தானாகக் கும்பிட்டது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாமலையாரே! அடுப்பாண்ட நின்னா சாமி தெரியுதே!" என்று கீர்த்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எல்லாம் நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு இனியன் பக்கம் திரும்பினாள்.

"ஆனா தம்பி, எங்க மனைக்கு இம்மாம் அழகா பிளான் போட்டு, பூசையும் போட வெச்சிருக்கான், என் மவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க!"